ஸ்கோப்பா, ஓபன் சைட்டா? ரைபிள் பழகத் தொடங்குபவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ரைபிள் சுடப் பழக முடிவு செய்தவர், துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்த கையோடு எதிர்கொள்ளும் கேள்வி, எதன் வழியாகக் குறி பார்ப்பது என்பதுதான். பெரும்பாலானோர் இதை, இலக்கைப் பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கியான ஸ்கோப், பின்னால் ஒரு வெட்டும் முன்னால் ஒரு முனையும் மட்டுமே கொண்ட ஓபன் சைட் என்ற இரண்டுக்கு இடையிலான போட்டியாகவே பார்க்கிறார்கள். ஆனால் உலகத்தின் பெரிய போட்டிகள் பலவற்றில் ரைபிள் மீது இருப்பது இந்த இரண்டும் அல்ல, பின்னால் சிறு துளையும் முன்னால் வளையமும் கொண்ட பீப் சைட் என்னும் மூன்றாவது வகையே ஆகும். ஆகவே இவ்வழிகாட்டி மூன்றையும் சேர்த்தே பேசுகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண் பார்வை இடம்கொடுத்தால், முதல் கட்டப் பயிற்சியை ஓபன் சைட்டில் தொடங்குவதே நல்லது. ஸ்கோப் இல்லாமல் சுடுவதுதான் வீரம் என்று ரேஞ்ச்களில் சிலர் சொல்வதை நான் இதற்குக் காரணமாகக் கொள்ளவில்லை. தொடக்க நிலையில் நாம் செய்யும் தவறுகளில் எதை எந்தக் கருவி வெளிக்காட்டுகிறது என்பதே காரணம்.

படி 1: எந்தப் போட்டிக்காகப் பழகுகிறீர்கள் என்பதை முடிவு செய்தல்

சர்வதேச துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் 10 மீட்டர் ஏர் ரைபிள், 50 மீட்டர் ரைபிள் ஆகிய பிரிவுகளில் ரைபிளின் மீது ஸ்கோப் பொருத்த அனுமதி இல்லை. பார்வைக் குறையைச் சரிசெய்யும் கண்ணாடியைக்கூட சுடுபவர் முகத்தில் அணியலாமே தவிர, ரைபிளில் மாட்டக்கூடாது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா வென்ற தங்கம், 2012 லண்டனில் சென்னையில் பிறந்த ககன் நாரங் வென்ற வெண்கலம், 2024 பாரிஸில் 50 மீட்டர் மூன்று நிலைப் பிரிவில் ஸ்வப்னில் குசாலே வென்ற வெண்கலம் ஆகிய மூன்றும் பீப் சைட் வழியாகக் குறி பார்த்து வென்றவை. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019இல் உலகக் கோப்பைத் தங்கம் வென்றதும் அப்படியே. தொலைக்காட்சியில் இவர்களின் ரைபிள் முனையில் தெரியும் நீண்ட குழாயைப் பலர் ஸ்கோப் என்று எண்ணிவிடுகிறார்கள். அது முன் சைட்டை இன்னும் தள்ளி வைப்பதற்கான நீட்டிப்புக் குழாய்; அதனுள் கண்ணாடி வில்லை எதுவும் இல்லை.

பனிச்சறுக்கோடு சேர்ந்த பயத்லான் போட்டியிலும், 50 மீட்டர் தொலைவில் படுத்த நிலையில் 45 மி.மீ., நின்ற நிலையில் 115 மி.மீ. அளவுள்ள இலக்குகளைச் சுடுவோர் பீப் சைட்டையே பயன்படுத்துகிறார்கள். ஒலிம்பிக்கில் ஸ்கோப்புக்கு இடமிருந்த ரைபிள் பிரிவு, நகரும் இலக்கைச் சுடும் பிரிவு. 2004 ஏதென்ஸுக்குப் பிறகு அது ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. இன்று ஸ்கோப்புக்கு உரிய களங்கள் மேசையில் ரைபிளைத் தாங்கவைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட், வெவ்வேறு தொலைவுகளில் சிறு உலோக இலக்குகளைச் சாய்க்கும் ஃபீல்டு டார்கெட் போன்றவை.

இந்தியாவில் பள்ளி, மாவட்ட, மாநிலப் போட்டிகளில் ‘ஓபன் சைட் ஏர் ரைபிள்’ என்றே தனிப் பிரிவு நடத்தப்படுவதுண்டு. புதியவர்களில் பலர் அதில் தொடங்கிப் பீப் சைட்டுக்கு மாறுகிறார்கள். ஆகவே இத்தகைய போட்டிகளுக்காகப் பழகும் மாணவருக்கு ஸ்கோப் வாங்கித் தருவது, அவர் தம் களத்தில் பயன்படுத்த முடியாத ஒன்றுக்குப் பணம் செலவழிப்பதாகவே முடியும். வேட்டைக்காக ஸ்கோப் வேண்டும் என்ற எண்ணம் யாருக்காவது இருந்தால், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

படி 2: எந்தக் கண் ஆளும் கண் என்பதைச் சோதித்தல்

இரு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் சிறு முக்கோண இடைவெளி விட்டு, அதன் வழியாகத் தொலைவில் உள்ள ஒரு பொருளை இரு கண்களாலும் பாருங்கள். பிறகு ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடினால், எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் இடைவெளிக்குள்ளேயே நிற்கிறதோ அதுவே ஆளும் கண். வலது கைப் பழக்கமுள்ளவருக்கு இடது கண் ஆளும் கண்ணாக இருந்தால், பழகத் தொடங்கும் நாளிலேயே பயிற்சியாளரிடம் அதைச் சொல்லுங்கள். இடது தோளுக்கு மாறுவதா, இடது கண்ணை ஒரு வெளிர் மறைப்பால் தடுத்துக்கொண்டு வலது தோளிலேயே தொடர்வதா என்பதை அப்போதே முடிவு செய்தால் பின்னால் பல மாத உழைப்பு மிஞ்சும். குறி பார்க்காத கண்ணை இறுக மூடுவதைத் தவிர்க்க வேண்டும். அது முகத்தசைகளை இறுக்கி, திறந்த கண்ணையும் விரைவில் களைப்பாக்கும்.

படி 3: ஓபன் சைட் எதைக் கற்றுத்தருகிறது என்பதைப் புரிந்துகொள்ளுதல்

ஓபன் சைட்டில் மூன்று பொருள்கள் மூன்று தொலைவுகளில் இருக்கின்றன: கண்ணுக்கு அருகே பின் சைட்டின் வெட்டு, குழலின் முனையில் முன் சைட்டின் முனை, அதற்கும் அப்பால் இலக்கு. மனிதக் கண் ஒரு நேரத்தில் ஒரு தொலைவில்தான் கூர்மையாகக் குவியும். மூன்றில் எதைக் கூர்மையாகப் பார்ப்பது என்பதே ஓபன் சைட் பயிற்சியின் மையம். அதற்கான விடை, முன் சைட் என்பதே. இலக்கு சற்று மங்கலாகத் தெரிவது இயல்பு. இலக்கைத் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்ற ஆவலில் பார்வையை அங்கே கொண்டுபோவதுதான் புதியவரின் முதல் தவறு.

இதன் காரணம் எளிய கணக்கில் அடங்கும். உங்கள் ரைபிளில் முன், பின் சைட்டுகளுக்கு இடையே 50 செ.மீ. தொலைவு இருப்பதாகக் கொள்வோம். முன் சைட், பின் சைட்டின் வெட்டுக்கு நடுவில் இல்லாமல் 1 மி.மீ. விலகி நின்றால், 10 மீட்டரில் பெல்லட் (ஏர் ரைபிள் சுடும் சிறு ஈயக் குண்டு) 20 மி.மீ. விலகிப் படும், 50 மீட்டரில் அந்த விலகல் 100 மி.மீ. ஆகிவிடும். மாறாக, இரண்டு சைட்டும் சரியாக ஒன்றிநின்று, முழு ரைபிளுமே 1 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்திருந்தால், இலக்கிலும் 1 மி.மீ. மட்டுமே விலகும். 10 மீட்டர் ஏர் ரைபிள் இலக்கில் ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடையே 2.5 மி.மீ. இடைவெளி உள்ளது, சைட்டுகள் ஒன்றியிருப்பதில் ஏற்படும் 0.1 மி.மீ. பிழையே 2 மி.மீ. விலகலாக மாறி, ஏறத்தாழ ஒரு வளையத்தைப் பறித்துவிடும். கை லேசாக ஆடுவதைவிடச் சைட்டுகள் ஒன்றாமல் போவது எவ்வளவு பெரிய கேடு என்பதை இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்தவர் மறக்கமாட்டார்.

ஸ்கோப்பில் இந்தப் பிழைக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. ஸ்கோப்பினுள் குறி காட்டும் குறுக்குக் கோடும் இலக்கும் ஒரே தளத்தில் தெரிவதால் கண் ஒரே இடத்தில் குவிந்தால் போதும். அது பெரிய வசதி. அதே நேரத்தில், தலையை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பதிப்பது, முன் சைட்டில் பார்வையை நிறுத்துவது ஆகிய இரண்டு பழக்கங்களை அந்த வசதி கற்றுத்தருவதில்லை. ஓபன் சைட்டிலிருந்து ஸ்கோப்புக்கு மாறுபவர் ஓரிரு நாளில் பழகிவிடுவதும், ஸ்கோப்பில் மட்டும் பழகியவர் ஓபன் சைட்டுக்கு வரும்போது தடுமாறுவதும் இதனால்தான்.

படி 4: ஓபன் சைட்டில் பயிற்சி

எந்தப் பயிற்சிக்கும் முன், ரைபிள் முனை எப்போதும் இலக்குத் திசையிலேயே இருக்க வேண்டும், சுடும் முடிவு வரும்வரை விரல் ட்ரிகருக்கு வெளியே இருக்க வேண்டும், இலக்கின் பின்னால் பெல்லட்டைத் தாங்கி நிறுத்தும் தடுப்பு இருக்க வேண்டும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இருக்க வேண்டும். உரிமம் தேவையில்லாத .177 அங்குலக் குழல் அளவு ஏர் ரைபிளாக இருந்தாலும் இவை மாறா. ஈயப் பெல்லட் கடினமான பரப்பில் பட்டால் திரும்பித் தெறிக்கும்.

முதலில் நின்று சுட வேண்டாம். மேசையில் மணல் பை அல்லது மடித்த துணிமேல் கையை வைத்து, அக்கையின் மேல் ரைபிளைத் தாங்கிச் சுடுங்கள். ஸ்பிரிங் விசையால் பிஸ்டனைத் தள்ளிச் சுடும் ஸ்பிரிங் ஏர் ரைபிளைக் கடினமான பரப்பில் நேரடியாக வைத்தால், சுடும்போது அது துள்ளி, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமாக நகரும். கையின் மென்மையான தாங்கல் அதற்கு ஏற்றது.

தொடக்க நாட்களுக்கு நான் பரிந்துரைப்பது, இலக்குத் தாளைத் திருப்பி மாட்டி, வெறும் வெள்ளைப் பக்கத்தின் நடுவைச் சுடுவது. கறுப்பு வட்டம் இல்லாதபோது கண் இழுபடுவதற்கு வேறு எதுவும் இல்லை. முன் சைட்டின் விளிம்பு கூர்மையாகவும், வெட்டின் இருபுறமும் சம அளவு வெளிச்சத்தோடும், மேல் விளிம்புகள் ஒரே மட்டத்திலும் தெரிகின்றனவா என்பதில் கவனம் நிற்கும். மதிப்பெண் இல்லாத தாளில் எப்படிப் பழகுவது என்று மாணவர்கள் சிணுங்குவார்கள். ஆனால் ஐந்து பெல்லட்டுகள் தாளில் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்ற குரூப்பிங்தான் இந்தக் கட்டத்தில் மதிப்பெண்.

குரூப்பிங் ஓரளவு நிலைத்த பின்னர் தாளைத் திருப்பி மாட்டலாம். 10 மீட்டர் இலக்கின் கறுப்பு வட்டத்தின் விட்டம் 30.5 மி.மீ.; பத்து மதிப்பெண் தரும் நடுப்பகுதியோ வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி. கறுப்பு முன் சைட்டைக் கறுப்பு வட்டத்தின் நடுவில் வைத்தால் இரண்டின் விளிம்பும் கலந்துவிடும். எனவே வட்டத்தின் அடிவிளிம்புக்குச் சற்றுக் கீழே, மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும்படி முன் சைட்டை நிறுத்துவதே வழக்கம். பெல்லட் நடுவில் பட வேண்டும் என்றால், குறி வைக்கும் இடத்துக்கு 15 மி.மீ.க்கு மேலாக, அந்த வெள்ளைக் கோட்டின் அளவையும் சேர்த்து, உயரத்தில் படும்படி பின் சைட்டைச் சரிசெய்ய வேண்டும்.

சரிசெய்யும் விதி இதுதான்: பெல்லட் எந்தப் பக்கம் நகர வேண்டுமோ, பின் சைட்டை அந்தப் பக்கமே நகர்த்துங்கள். முன் சைட்டை நகர்த்தும் அமைப்பாக இருந்தால் எதிர்ப்பக்கம். ஒரு பெல்லட் தவறியதற்காக எதையும் திருகக் கூடாது. ஐந்து பெல்லட்டுகளின் நடுப்புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகே திருக வேண்டும்.

பெல்லட் இல்லாமல் ட்ரிகர் இழுத்துப் பழகும் டிரை ஃபயரிங் மிகப் பயனுள்ளது என்றாலும், ஸ்பிரிங் ஏர் ரைபிளில் அதைச் செய்யக் கூடாது. தடுப்பதற்குப் பெல்லட் இல்லாமல் பிஸ்டன் வேகமாக மோதி உள்பாகம் பழுதாகும். போட்டிக்கான அழுத்தக் காற்று ரைபிள்கள் பலவற்றில் இதற்கென்றே தனி அமைப்பு உண்டு.

இன்றைய ஏர் ரைபிள்கள் பலவற்றில் சிவப்பு, பச்சை நிற ஃபைபர் புள்ளிகள் கொண்ட சைட்டுகள் வருகின்றன. விரைந்து குறி பார்க்க அவை நல்லவை. தாள் இலக்கில் அந்த ஒளிப்புள்ளி விரிந்து விளிம்பைக் குழப்பும். ரைபிள் இருக்கும் இடத்தை நிழலாகவும் இலக்கை வெளிச்சமாகவும் அமைத்தால் ஃபைபர் ஒளி அணைந்து, சாதாரணக் கறுப்பு முனையைப் போலவே தெரியும்.

படி 5: பீப் சைட்டுக்கு மாறுதல்

போட்டிப் பாதையில் செல்பவருக்கு அடுத்த கட்டம் இதுவே. பின்புறம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள துளை; முன்புறம் ஒரு வளையம். கண் தன்னியல்பாகத் துளையின் நடுவைத் தேடிக்கொள்வதால், பின் சைட்டைப் பற்றி நினைக்க வேண்டிய தேவை பெருமளவு குறைகிறது. சிறு துளை வழியாகப் பார்க்கும்போது முன் வளையமும் இலக்கும் ஒரே நேரத்தில் ஓரளவு கூர்மையாகத் தெரிவது இன்னொரு நன்மை. வட்டத்துக்குள் வட்டம் வைப்பதால் நடுப்படுத்துவதும் எளிது.

முன் வளையத்தின் அளவில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். கண்ணிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் முன் வளையத்தில், 10 மீட்டர் இலக்கின் கறுப்பு வட்டம் சுமார் 3 மி.மீ. அளவுக்குத் தோன்றும். அதை ஒட்டினாற்போல் இறுக்கமான வளையத்தைப் போட்டால் துல்லியம் கூடும் என்று எண்ணுவது இயல்பு. உண்மையில், சிறு அசைவும் வெள்ளை இடைவெளியை மறைத்துவிடுவதால் சுடுபவர் தயங்கித் தயங்கிக் களைத்துப்போவார். 4 மி.மீ. அளவில் தொடங்கி, கறுப்பைச் சுற்றித் தாராளமான வெள்ளை தெரியும்படி வைத்துக்கொள்வது நல்லது.

படி 6: ஸ்கோப் தேர்ந்தெடுத்தலும் பொருத்துதலும்

ஸ்கோப்பைத் தேர்ந்தெடுப்பவர் பெருக்கத்தை மட்டும் பார்த்து ஏமாறுவது வழக்கம். பழகுபவருக்கு 3 முதல் 9 மடங்கு வரை மாறும் சாதாரண ஸ்கோப்பே போதும். தொடக்கத்தில் அதையும் 4 மடங்கில் வைத்திருங்கள். பெருக்கத்தைவிட முதன்மையாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு.

ஒன்று, பேரலாக்ஸ். இலக்கின் பிம்பமும் குறுக்குக் கோடும் ஒரே தளத்தில் விழாதபோது, கண்ணைச் சற்று நகர்த்தினாலே கோடு இலக்கின்மேல் நகர்வதுபோல் தோன்றும். வெடிமருந்துத் தோட்டாக்களைச் சுடும் ரைபிள்களுக்கான ஸ்கோப்புகள் பெரும்பாலும் 100 கெஜத்துக்கு, அதாவது ஏறத்தாழ 91 மீட்டருக்குப் பேரலாக்ஸ் நிலைப்படுத்தப்பட்டவை. 40 மி.மீ. முன்வில்லை கொண்ட அத்தகைய ஸ்கோப்பை 10 மீட்டரில் பயன்படுத்தினால், கண் ஓரத்துக்கு நகரும்போது கணக்குப்படி 18 மி.மீ. வரை பிழை வரலாம். படமும் மங்கலாகத் தெரியும். ஆகவே ஏர் ரைபிளுக்கு, 10 மீட்டர் வரை பேரலாக்ஸைச் சரிசெய்யக்கூடிய ஸ்கோப்பையே கேட்டு வாங்குங்கள்.

மற்றொன்று, அதிர்ச்சியைத் தாங்கும் திறன். ஸ்பிரிங் ஏர் ரைபிள் சுடும்போது முதலில் பின்னோக்கியும், பிஸ்டன் முடிவில் மோதும்போது முன்னோக்கியும் துள்ளுகிறது. பெரிய துப்பாக்கியின் பின்னுதைப்பைத் தாங்கும் விலையுயர்ந்த ஸ்கோப்புகூட, இந்த முன்னோக்கிய உதைப்பைத் தாங்காமல் உள்ளே கழன்றுவிடுவதுண்டு. ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். ஸ்கோப்பை ரைபிளில் பிடித்துவைக்கும் மவுண்ட் பின்னால் நழுவாமல் இருக்கத் தடுப்பு ஊசி உள்ளதையும் உறுதிசெய்யுங்கள். மவுண்ட் வாங்குமுன் ரைபிளின் மேல் உள்ளது 11 மி.மீ. டவ்டெயில் பள்ளமா, அகலமான பிக்காட்டின்னி தண்டவாளமா என்று அளந்துகொள்வது கடைக்கு இரண்டாம் நடை நடக்காமல் காக்கும்.

பொருத்தும்போது கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் பொருத்தி, கன்னத்தை இயல்பாகப் பதித்து, பிறகு கண்ணைத் திறவுங்கள். ஸ்கோப்பின் முழு வட்டமும் நிழலின்றித் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தலையை நகர்த்தாமல் ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். பெரும்பாலான ஸ்கோப்புகளுக்குக் கண்ணிலிருந்து 75 முதல் 100 மி.மீ. தொலைவு சரியாக இருக்கும். ஓபன் சைட்டுக்காகச் செதுக்கிய கட்டை (தோளிலும் கன்னத்திலும் பதியும் பகுதி) கொண்ட ரைபிளில் ஸ்கோப் பொருத்தினால் கண் உயரம் போதாமல் தலையைத் தூக்க நேரிடும். கன்னம் பதியும் இடத்தை உயர்த்தும் பட்டையைக் கட்டுவதே அதற்குத் தீர்வு. கடைசியில், குறுக்குக் கோட்டின் செங்குத்துக் கோடு ரைபிளோடு சாயாமல் நிற்கிறதா என்று தொங்கும் நூல் ஒன்றைப் பார்த்து ஒப்பிட்டுவிட்டுத் திருகுகளை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்கள்.

படி 7: ஸ்கோப்பை ஜீரோ செய்தல்

குறுக்குக் கோடு காட்டும் இடத்திலேயே பெல்லட் படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்வதே ஜீரோ செய்தல். கண்ணருகே உள்ள வளையத்தைத் திருகி முதலில் குறுக்குக் கோட்டைக் கூர்மையாக்குங்கள். வெற்றுச் சுவரையோ வானத்தையோ சில நொடி மட்டும் பார்த்து இதைச் செய்ய வேண்டும், ஏனெனில் நீண்ட நேரம் பார்த்தால் கண் தானாகவே ஈடுசெய்து ஏமாற்றும். சூரியனை நோக்கி ஸ்கோப்பை எந்தக் காரணத்துக்காகவும் திருப்பாதீர்கள்.

ஸ்கோப்பின் திருகைத் திருப்பும்போது நகரும் ஒவ்வொரு படியும் ஒரு கிளிக்; எம்ஓஏ என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. கால் எம்ஓஏ கிளிக் உள்ள ஸ்கோப்பில், 100 மீட்டர் தொலைவில் ஒரு கிளிக் ஏறத்தாழ 7.3 மி.மீ. நகர்த்தும். 10 மீட்டரில் அது 0.7 மி.மீ. மட்டுமே. பெல்லட்டை 20 மி.மீ. நகர்த்த 28 கிளிக் அளவுக்குத் திருப்ப வேண்டும். மூன்று நான்கு கிளிக் திருப்பிப் பார்த்துவிட்டு ஸ்கோப் பழுது என்று திருப்பிக் கொடுக்க வருபவர்கள் ஏராளம். திருகில் உள்ள அம்புக்குறி பெல்லட் நகரும் திசையையே காட்டும்.

ஸ்கோப்பின் நடு, குழலின் நடுவிலிருந்து 4 முதல் 5 செ.மீ. உயரத்தில் இருப்பதையும் நினைவில் வையுங்கள். விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் செல்லும் பெல்லட்டை 10 மீட்டருக்கு ஜீரோ செய்தால், 20 மீட்டரில் அது ஏறத்தாழ 2 செ.மீ. மேலே படும். தொலைவு மாறினால் குறியும் மாறுவது இதனால்தான். அதைத் தாளில் சுட்டுப் பார்த்துக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

படி 8: ஸ்கோப் உண்டாக்கும் கெட்ட பழக்கங்களைத் தடுத்தல்

ஸ்கோப்பில் முதன்முறை பார்ப்பவர் தம் கை நடுங்குவதைக் கண்டு அஞ்சுவார். நாடித்துடிப்புகூடத் தெரியும். நடுக்கம் முன்பும் இருந்ததுதான். இப்போது பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவே. ஆனால் கோடு நடுப்புள்ளியைக் கடக்கும் கணத்தைப் பிடித்துவிடலாம் என்று ட்ரிகரைச் சட்டென்று இழுக்கும் பழக்கம் இதிலிருந்துதான் பிறக்கிறது, அதை மாற்றப் பல வாரம் ஆகும். பெருக்கத்தைக் குறைத்து வைத்து, கோடு நடுப்பகுதியில் மெல்ல உலாவுவதை ஏற்றுக்கொண்டு, விரல் அழுத்தம் சீராகக் கூடிக்கொண்டே போகட்டும். சுட்ட பின்னும் ஓரிரு நொடி அதே நிலையில் பார்த்துக்கொண்டே இருந்து, பெல்லட் எங்கே பட்டிருக்கும் என்று தாளைப் பார்க்குமுன் வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்தப் பயிற்சியில் ஸ்கோப்புக்கு நிகரான ஆசிரியர் இல்லை. ட்ரிகர் இழுக்கையில் கோடு எந்தப் பக்கம் துள்ளியது என்று அது ஒளிக்காமல் காட்டும். இந்தக் காரணத்துக்காகவே, ஓபன் சைட்டில் குரூப்பிங் ஓரிடத்தில் தேங்கி நிற்கும் மாணவருக்குச் சில நாள் ஸ்கோப் மாட்டிக்கொடுத்து, தவறு சைட் ஒன்றாததிலா, ட்ரிகரிலா என்று பிரித்துப் பார்ப்பதை நான் ஆதரிக்கிறேன்.

யாருக்கு இந்த வரிசை பொருந்தாது

நாற்பது வயதைக் கடந்து, அருகிலுள்ள எழுத்தைப் படிக்கச் சிரமப்படுபவருக்கு முன் சைட் கூர்மையாகத் தெரியாது. அவரை ஓபன் சைட்டில் வாட்டுவதில் பயனில்லை. தூரப் பார்வைக்கான தம் கண்ணாடி எண்ணோடு 0.5 அல்லது 0.75 டயாப்டர் (கண்ணாடிப் பவரின் அலகு) கூட்டிய கண்ணாடியைக் கண் மருத்துவரிடம் கேட்டுப் பெற்றால், முன் சைட் தெளிவாகி இலக்கும் ஓரளவு தெரியும். ரைபிளின் நீளத்தை அளந்து கண்ணிலிருந்து முன் சைட் எவ்வளவு தொலைவில் இருக்கும் என்று மருத்துவரிடம் சொல்வது உதவும். அதுவும் ஒத்துவராவிட்டால், போட்டி நோக்கம் உள்ளவர் நேரே பீப் சைட்டிலும், இல்லாதவர் நேரே ஸ்கோப்பிலும் தொடங்கலாம். சிறு துளை வழியாகப் பார்ப்பது வயதான கண்ணுக்கும் கூர்மையைக் கூட்டும்.

அழுத்தக் காற்றில் இயங்கும் பி.சி.பி. ரைபிள்கள் பல, ஓபன் சைட்டே இல்லாமல் விற்கப்படுகின்றன. அத்தகைய ரைபிளை ஏற்கெனவே வாங்கிவிட்டவர் தனியாக ஓபன் சைட் தேடி அலைய வேண்டியதில்லை. ஸ்கோப்பை மிகக் குறைந்த பெருக்கத்தில் வைத்து, இலக்குத் தாளின் வெள்ளைப் பின்பக்கத்தில் குரூப்பிங் பழகி, ஒவ்வொரு ஐந்து பெல்லட்டுக்கும் ரைபிளைக் கீழே வைத்து, கண்ணை மூடி மறுபடி தோளில் பொருத்திக் கன்னம் அதே இடத்தில் பதிகிறதா என்று சோதித்துக்கொண்டால், ஓபன் சைட் கற்றுத்தரும் இரண்டு பாடங்களில் ஒன்றையாவது அதே ரைபிளில் பெறலாம்.